வீட்டு வேலைக்குச் சிறிய பெட்ரோல் செயின்சா: எதைப் பார்த்து எடுப்பது?

முற்றம்:

வணக்கம். வீட்டைச் சுற்றி உள்ள மரங்களில் கிளை கழிப்பது, காற்றில் விழுந்ததைத் துண்டு போடுவது, விறகு அறுப்பது, இவ்வளவுதான் வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு நாள், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. கனமுள்ள கிளைகள். எப்போதாவது 30 செ.மீ. அடிமரம் வரும். தோட்டத்தின் கடைசி வரை மின் வயர் எட்டாது, பெட்ரோல் இயந்திரம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்விகள்:

ஒரே விலைக்கு 30 சிசி பெயர் பெற்ற நிறுவனத்தின் இயந்திரமும், 58 சிசி, 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள பெயர் தெரியாத இயந்திரமும் கிடைக்கின்றன. பெரியதை எடுத்தால் எல்லா வேலைக்கும் ஆகுமே, ஏன் சின்னதை எடுக்க வேண்டும்?

மேலே பிடி உள்ள குட்டி இயந்திரங்கள் கைக்கு அடக்கமாகத் தெரிகின்றன. வீட்டுக்கு அதை எடுக்கலாமா?

செயின், பார் இவற்றில் எந்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும்? பராமரிப்புக்கு என்னென்ன கையில் இருக்க வேண்டும்?


கிளைவெட்டு:

உங்கள் வேலைக்கு 30 முதல் 40 சிசி, 14 அங்குல பார், 3/8 லோ புரொஃபைல் செயின். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

காரணம் எடைதான். 30 சிசி வகுப்பில் ஸ்டில் எம்எஸ் 170 (30.1 சிசி), எக்கோ சிஎஸ்-310 (30.5 சிசி) போன்றவை பாரும் செயினும் இல்லாமல் நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். ஹஸ்க்வர்னா 120 மார்க் 2 (38.2 சிசி) ஐந்து கிலோவைத் தொடும். 58 சிசி, 20 அங்குல இயந்திரத்தில் பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தால் அதைவிட இரண்டு, மூன்று கிலோ கூடும். கிளை கழிக்கும்போது இயந்திரத்தைத் தூக்கி, திருப்பி, சாய்த்துப் பிடித்தபடியே நிற்க வேண்டும். அரை மணியில் கை தளரும். கை தளர்ந்தால் பாரின் நுனி எங்கே போகிறது என்ற கவனமும் தளரும். விபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீளமான பாருக்கும் இதே கதை. 20 செ.மீ. கிளையை 20 அங்குல பாரால் அறுத்தால், மறுபக்கம் ஓர் அடிக்கு மேல் பார் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். அந்த நுனி பக்கத்துக் கிளையில், மண்ணில், கல்லில் படும். 14 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 35 செ.மீ. உங்களுடைய 30 செ.மீ. அடிமரம் ஒரே வெட்டில் போகும். அதைவிடக் கனமாக வந்தாலும் இரண்டு பக்கமிருந்தும் அறுக்கலாம்.

இன்னொன்று, 30 சிசி இயந்திரத்துக்கு 16 அங்குல பார் போட்டும் விற்கிறார்கள். போடலாம், ஓடும். ஆனால் முழு நீளமும் மரத்துக்குள் புதைந்திருக்கும்போது இழுவை போதாமல் திணறும். 14தான் அதற்குச் சரியான ஜோடி.

மேல்பிடி இயந்திரத்தை எடுக்காதீர்கள். மரத்தில் கயிறு கட்டி ஏறி வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்காக வடிவமைத்தது அது. இரண்டு பிடிகளும் மிக அருகருகே இருப்பதால், பார் திமிறி எழும்போது அடக்குவதற்குக் கைக்கு நெம்பு கிடைக்காது. ஒரு கையால் பிடிக்கத் தூண்டும் வடிவம் வேறு. தரையில் நின்று வேலை செய்பவருக்குப் பின்பிடி இயந்திரம்தான்.


பட்டறை:

கிளைவெட்டு சொன்ன அளவை ஏற்கிறேன். கடையில் இயந்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய இடங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். பெயரைவிட இவை முக்கியம்.

அதிர்வுத் தடுப்பு: முன்பிடியையும் பின்பிடியையும் பிடித்து இன்ஜின் உடலை அசைத்துப் பாருங்கள். நடுவில் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருந்து லேசாக அசைய வேண்டும். பிடியும் இன்ஜினும் ஒரே கட்டையாக இருந்தால் அதிர்வு முழுவதும் விரலுக்கு வரும். நாள்பட்டால் விரல் மரத்துப்போகும்.

செயின் பிரேக்: முன்னால் உள்ள கைக்காப்பைத் தள்ளினால் 'டக்' என்று விழ வேண்டும், இழுத்தால் அதேபோலத் தெளிவாக விடுபட வேண்டும். பாதியில் நிற்பதை எடுக்காதீர்கள்.

செயின் இறுக்கும் திருகு: பாரின் பக்கவாட்டில் இருந்தால் நல்லது. முன்புறம், மரத்தில் ஊன்றும் முள்பட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கையைக் கீறும். கருவி இல்லாமல் கையாலேயே திருகும் சக்கரம் உள்ளவை வசதிதான், ஆனால் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யப் பொறுமை வேண்டும். எனக்கு இரண்டு நட்டும் ஒரு திருகும் போதும்.

ஏர் ஃபில்டர்: மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் கேட்காமல் இருக்க வேண்டும். அடிக்கடி திறக்க வேண்டிய இடம் அது.

பெயர் தெரியாத 58 சிசி பற்றி: அதன் இன்ஜினே மோசம் என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் நான்கு உதிரிகளின் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்று கேளுங்கள்: கார்புரேட்டர் டயாஃப்ரம், ஆயில் பம்ப், கிளட்ச் டிரம், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங். நாலும் அதே இடத்தில் கிடைத்தால் பேசலாம். 'எந்த செயினும் பொருந்தும்' என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். செயின் எங்கும் கிடைக்கும், இயந்திரத்தை முடக்குவது மற்றவைதான்.

செயின் அளவுக்கு வருவோம். மூன்று எண்கள் வேண்டும்.

முதலாவது பிட்ச். அடுத்தடுத்து மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது. உங்களுக்கு 3/8 லோ புரொஃபைல். வெறும் 3/8 என்று கேட்டால் பெரிய இயந்திரத்தின் செயின் வரும், அது வேறு வகை. 'லோ புரொஃபைல்' என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேஜ், அதாவது பாரின் காடிக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் தடிமன். இந்த வகுப்பில் 1.1 மி.மீ., 1.3 மி.மீ. இரண்டும் உண்டு. 1.1 காடியில் 1.3 செயின் நுழையாது. 1.3 காடியில் 1.1 செயின் நுழையும், ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து ஆடும், வெட்டு கோணலாகும், காடியும் கெடும். நுழைகிறதே என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது டிரைவ் லிங்க் எண்ணிக்கை. 14 அங்குலம் என்ற பெயரிலேயே 50 லிங்க்கும் உண்டு, 52 லிங்க்கும் உண்டு. அங்குலத்தைச் சொல்லி வாங்காதீர்கள், எண்ணிச் சொல்லி வாங்குங்கள். பாரின் பின்பகுதியில் பெரும்பாலும் மூன்றும் பொறித்திருக்கும்.

பல் வடிவத்தில் செமி சிசெல் (மூலை மழுக்கிய பல்) கேளுங்கள். முழு சிசெல் வேகமாக அறுக்கும், ஆனால் அதன் மூலை கூர்மையானது, கொஞ்சம் மண் பட்டாலே போய்விடும். தரையில் கிடக்கும் கிளைகளை அறுக்கும் வீட்டு வேலையில் மண் படாமல் இருக்காது. தென்னை, பனை போன்ற நார்மரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் மழுங்கும். அந்த நார் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மூடிக்குள் சுற்றி அடைக்கவும் செய்யும். அறுக்கும்போதே நடுநடுவில் இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.


முற்றம்:

இருவருக்கும் மிக்க நன்றி. 'இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது' என்பதுதான் எங்கும் கேட்கும் புகாராக இருக்கிறது. அதுவும் மாதத்தில் ஒருநாள் எடுப்பவர்களுக்கு அதிகம் என்கிறார்கள். அதற்கு என்ன காரணம், முன்கூட்டியே என்ன செய்யலாம்?


டூஸ்ட்ரோக்:

இதுக்கு நான் சொல்றேன். ஸ்டார்ட் ஆகலைன்னு வர்ற சின்ன மெஷின்ல பெரும்பாலும் கோளாறு பெட்ரோல்லதான் இருக்கும். மெஷின் நல்லாவே இருக்கும்.

முதல்ல கலவை. இப்போ வர்ற மெஷின் எல்லாம் அநேகமா 50க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். மேனுவல்ல 40க்கு 1னு போட்டிருந்தா 25 மி.லி. 25க்கு 1னா 40 மி.லி. குத்துமதிப்பா ஊத்தாதீங்க, அளவுக் குப்பி வச்சுக்கோங்க. ஆயில் ஜேஏஎஸ்ஓ எஃப்டி தரம்னு டப்பாவுல போட்டிருக்கணும். படகு மோட்டாருக்கு வர்ற டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணியில குளிர்ற இன்ஜினுக்கானது. நம்ம மெஷின் காத்துல குளிர்றது, சூடு அதிகம், அது தாங்காது. கார், பைக்குக்கு ஊத்துற நாலு ஸ்ட்ரோக் ஆயிலும் கூடாது.

கலக்குறது மெஷின் டேங்க்குல இல்லை, தனிக் கேன்ல. பாதி பெட்ரோல், முழு ஆயில், நல்லா குலுக்கி, மீதி பெட்ரோல், திரும்பவும் குலுக்கல். ஒவ்வொரு தடவை டேங்க்குல ஊத்துறதுக்கு முன்னாடியும் கேனைக் குலுக்குங்க. ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல்ல ஓட்டினா சில நிமிஷத்துல பிஸ்டன் சீஸ் ஆகிடும் (இறுகி நின்னுடும்). இந்த இன்ஜினுக்குத் தனியா ஆயில் சம்ப் கிடையாது, பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாத்துக்கும் எண்ணெய் அந்தப் பெட்ரோல் வழியாத்தான் போகுது. அதனால கலந்த கேன் மேல கொட்டை எழுத்துல 'கலந்தது', தேதி ரெண்டும் எழுதி வைங்க.

அடுத்தது எத்தனால். பெட்ரோல்ல கலந்திருக்கிற எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து தனியா பிரிஞ்சு அடியில தங்கிடும். டேங்க்குல உறிஞ்சுற ஃபில்டர் கிடக்கிறதும் அடியிலதான். அந்த அடுக்குல நாம கலந்த ஆயில் நிக்காது. இது போக ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் விறைச்சுப் போகும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல இருக்கிற பெட்ரோல் பெரும்பாலான மெஷினுக்கு ஆகாது, மேனுவல்ல எவ்வளவு வரைக்கும்னு பார்த்துக்கோங்க.

அதனால அந்த ஒரு மணி நேர வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்க. சின்ன மெஷின் டேங்க்கே கால் லிட்டரை ஒட்டித்தான். ஒரு லிட்டர் கலந்தா போதும், ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீங்க. ஆல்கைலேட் எரிபொருள்னு எத்தனால் இல்லாம, கலந்தே டப்பாவுல வர்றது கிடைச்சா, உங்களை மாதிரி எப்பவாவது எடுக்கிறவங்களுக்கு அதுதான் நல்லது. வருஷக்கணக்குல கெடாம இருக்கும்.

வேலை முடிஞ்சு அடுத்த ஒரு மாசம் எடுக்க மாட்டீங்கன்னா, டேங்க்கைக் காலி பண்ணிட்டு, ஸ்டார்ட் பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஐடில்ல ஓட விடுங்க. கார்புரேட்டர் காஞ்சிடும். டேங்க்குல மட்டும் கொட்டிட்டு கார்புரேட்டர்ல விட்டா, அந்தக் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகி பிசின் மாதிரி ஒட்டிக்கும். உள்ள இருக்கிற சல்லடை ஊசிக்கண் அளவுதான், அடைஞ்சா அவ்வளவுதான்.


டூஸ்ட்ரோக்:

ஸ்டார்ட் பண்ற முறையும் சொல்லிடுறேன், பாதி பேர் இதுலதான் மாட்டுறாங்க.

குளிர்ந்த மெஷின்: பிரைமர் பல்ப் (பெட்ரோலை இழுத்து விடுற ரப்பர் குமிழ்) இருந்தா அஞ்சாறு தடவை அமுக்குங்க. முழு சோக். கயிறை இழுங்க. 'டப்'னு ஒரு தடவை அடிச்சு நின்னுடும். அந்த நொடியில சோக்கைப் பாதி நிலைக்கு மாத்தணும். மாத்தாம முழு சோக்லயே இழுத்துட்டே இருந்தா உள்ள பெட்ரோல் நிறைஞ்சு பிளக் நனைஞ்சிடும். அதுக்கப்புறம் கை வலிக்கிற வரைக்கும் இழுத்தாலும் வராது. பாதி சோக்ல ரெண்டு மூணு இழுப்புல பிடிச்சுடும். பிடிச்ச உடனே ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டினா ஐடிலுக்கு இறங்கிடும். செயின் பிரேக் போட்ட நிலையில ரேஸ் பண்ணிட்டே நிக்காதீங்க, கிளட்ச் டிரம் பழுத்துடும்.

பெட்ரோல் நிறைஞ்சுட்டா: சுவிட்சை நிறுத்து நிலைக்குப் போட்டு பிளக்கைக் கழட்டுங்க, சோக்கைத் திறந்து, கயிறை ஏழெட்டுத் தடவை இழுத்து உள்ள இருக்கிறதை வெளிய தள்ளுங்க. பிளக் ஓட்டை பக்கம் முகத்தைக் கொண்டு போகாதீங்க. பிளக்கைத் துடைச்சு, காய வச்சு, இடைவெளி 0.5 மி.மீ. இருக்கான்னு பார்த்து மாட்டுங்க. சோக் இல்லாம இழுங்க.

ஸ்டார்ட் ஆகி அஞ்சு பத்து நிமிஷத்துல நிக்குது, டேங்க் மூடியைத் தளர்த்தினா திரும்ப ஓடுதுன்னா டேங்க் வென்ட் (டேங்க்குக்குள்ள காத்து போற சின்ன வழி) அடைப்பு. ஐடில்ல ஓடுது, ரேஸ் பண்ணா அமுங்குதுன்னா ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் ஃபில்டரையும் பாருங்க, அப்புறம் சைலன்சர்ல இருக்கிற பொறித்தடுப்பு வலை கரி பிடிச்சிருக்கான்னு பாருங்க. ஐடில்ல செயின் தானா சுத்துதுன்னா ஐடில் ஸ்க்ரூவைக் குறைக்கணும், குறைச்சும் நிக்கலைன்னா கிளட்ச் ஸ்பிரிங். அந்த நிலையில மெஷினை வேலைக்கு எடுக்காதீங்க.

ஐடில் தானா ஏறிக்கிட்டே போகுது, ஆக்சிலேட்டரை விட்டும் இறங்க நேரமாகுதுன்னா எங்கயோ காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம். இன்டேக் ரப்பரோ, கிராங்க் சீலோ. ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டப் பார்க்காதீங்க. பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடினா ஆயிலும் குறையும், பிஸ்டன் போயிடும்.


வெட்டுவாய்:

எல்லோரும் இன்ஜினைப் பேசுகிறோம். கூர்மையான செயின் மாட்டிய 30 சிசி, மழுங்கிய செயின் மாட்டிய 58 சிசியை முந்திவிடும். வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இரண்டாவது செயினுக்கும் அரத்துக்கும் ஒதுக்குங்கள்.

மழுங்கியதை எப்படி அறிவது: கூர்மையான பல் தடித்த சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவு போன்ற தூளைத் தள்ளும். கூர்மையான செயின் தானே மரத்துக்குள் இறங்கும். நீங்கள் அழுத்த வேண்டியிருந்தால் அப்போதே நிறுத்துங்கள். அழுத்தி அறுத்தால் பார் சூடேறும், பாரின் விளிம்பு தேயும், இன்ஜினும் சூடாகும், உங்கள் கையும் ஓயும்.

3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ. உருண்டை அரம். வழிகாட்டித் தகட்டோடு வாங்குங்கள், அதில் 30 டிகிரி கோடு இருக்கும். முறை இப்படி:

பாரை வைஸில் கவ்வுங்கள், வைஸ் இல்லையென்றால் ஒரு கட்டையில் பிளவு போட்டு அதில் செருகுங்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லைக் கண்டுபிடித்து அதிலிருந்து தொடங்குங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தளத்துக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக்கூடாது. இரண்டு மூன்று தள்ளல் போதும், ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை, அதே அழுத்தம். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு இயந்திரத்தைத் திருப்பி மறுபக்கம். மேல்தளத்தின் முன்விளிம்பில் வெள்ளையாக ஒளி மின்னினால் அது இன்னும் மழுங்கல். கூரான விளிம்பில் ஒளி நிற்காது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும், ஆழக்காட்டி. பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இந்த செயினில் அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அரம் போடப் போட உயரம் குறையும், அதனால் நான்கைந்து தடவைக்கு ஒருமுறை கேஜ் தகடு வைத்துத் தட்டை அரத்தால் திமிலையும் இறக்குங்கள். இறக்காவிட்டால் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தூள்தான் வரும். அளவுக்கு மேல் இறக்கினால் பல் அதிகம் கடித்து இயந்திரம் துள்ளும், சின்ன இன்ஜின் நின்றுபோகும், பார் திமிறும் ஆபத்தும் கூடும்.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும், அல்லது பாரின் இரண்டு விளிம்பில் ஒன்று அதிகம் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை செயினைக் கழற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டாவது பிரச்சினை தள்ளிப்போகும். விளிம்பில் எழும் பிசிறைத் தட்டை அரத்தால் தேய்த்துவிடுங்கள், காடியில் அடைந்த தூளை மெல்லிய தகட்டால் வாரி எடுங்கள், பாரின் ஆயில் துளையையும் குத்தித் திறந்துவிடுங்கள்.

இறுக்கம்: பார் நட்டுகளைத் தளர்த்தி, பாரின் நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி திருகுங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றிச் சுற்ற வேண்டும். நுனியைத் தூக்கிய நிலையிலேயே நட்டை முறுக்குங்கள். புதுச் செயின் முதல் அரை மணியில் நன்றாக நீளும், ஓரிரு வெட்டுக்கு ஒருமுறை பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். குளிரும்போது செயின் சுருங்கி கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் இழுக்கும்.

செயின் ஆயிலாகப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் உலோகத் துகள் இருக்கும், பம்பையும் பாரையும் தின்னும். ஒட்டும் தன்மையும் கிடையாது, நுனியில் திரும்பும்போதே தெறித்துப் போய்விடும். வெட்டிய மண்ணிலும் அது கலக்கும். பார் ஆயில் என்றே விற்பதை வாங்குங்கள். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஆயிலையும் நிரப்புங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்க்கும் கிட்டத்தட்டக் காலியாகியிருக்க வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் ஆயில் போகவில்லை. வேலை தொடங்கும் முன் வெளிர்நிற அட்டை அல்லது அடிக்கட்டையின் மேல் நுனியை நீட்டி ரேஸ் கொடுத்துப் பாருங்கள், ஆயில் புள்ளிகள் ஒரு கோடாக விழ வேண்டும்.


கிளைவெட்டு:

வெட்டுவாய் சொன்னதோடு ஒன்று: ஸ்ப்ராக்கெட்டையும் மறக்காதீர்கள். இரண்டு செயின் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டை மாற்றும் நேரம். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் புதியதும் சீக்கிரம் கெடும்.

இனி பாதுகாப்பு. இதை வாங்கும் பட்டியலுக்குள்ளேயே வையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். செயின்சாவுக்கென்றே செய்த கால்காப்பு வேண்டும். அதற்குள் இருக்கும் நீளமான இழைகள் செயினில் சுற்றிக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை நிறுத்திவிடும். வகுப்பு 1 என்றால் வினாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது. சாதாரண ஜீன்ஸ் எதையும் தடுக்காது. முகவலையும் காதடைப்பானும் சேர்ந்த ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, இரும்பு முனை பூட்ஸ். இந்த இன்ஜின்களின் சத்தம் 100 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், காதடைப்பான் இல்லாமல் ஒரு வெட்டும் வேண்டாம்.

கிக்பேக் என்பது பாரின் நுனியில், மேல் கால்வட்டம் எதிலாவது பட்டவுடன் பார் உங்கள் முகத்தை நோக்கித் தூக்கி அடிப்பது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது, பார்த்து விலக முடியாது. அதனால் தடுப்பு முழுவதும் முன்னதாகவே இருக்க வேண்டும்: கிக்பேக் குறைக்கும் செயின், முன்பிடியைச் சுற்றி வளைத்த இடது கட்டைவிரல், இயந்திரத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகிய நிலை, தோளுக்கு மேல் தூக்காத கை. ஏணியில் நின்று செயின்சா பிடிக்கவே கூடாது. உயரக் கிளைக்கு நீளக்கோல் ரம்பம் இருக்கிறது.

ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது காலின் முன்பகுதியை நுழைத்து, இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு, செயின் பிரேக் போட்டு. பெட்ரோல் நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான இன்ஜினில் நிரப்பாதீர்கள்.

வீட்டுக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பார் மரத்துக்குள் சிக்குவதில். மரம் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்து வெட்டினால் சிக்காது. இரு முனையும் தாங்கி நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் அமுங்கியிருக்கும்: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் கீழ்ப்பக்கம் அமுங்கியிருக்கும்: கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. விழுந்த மரத்தில் வளைந்து வில்லாக நிற்கும் சிறு கிளைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள், வெட்டியவுடன் விசையோடு அடிக்கும். ஒரே வெட்டில் துண்டிக்காமல், உள்வளைவில் சிறுசிறு வெட்டாகப் போட்டு விசையை இறக்குங்கள்.

இரண்டு பிளாஸ்டிக் ஆப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சிக்கினால் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆப்பு அடித்து வெட்டைத் திறந்து எடுங்கள். ஓடும் இயந்திரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்.

மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையையும், நின்றிருக்கும் பெரிய மரத்தையும் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.


முற்றம்:

தெளிவாகிவிட்டது: 30 சிசி வகுப்பு, 14 அங்குலம், செமி சிசெல், 4 மி.மீ. அரம். கடைசியாக ஒரு சந்தேகம். இதே அளவில் பழைய இயந்திரம் ஒன்றும் பார்வைக்கு வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?


பட்டறை:

இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போகும்போதே சூடாக இருந்தால், குளிர்நிலையில் ஸ்டார்ட் ஆவது சிரமம் என்பதை மறைக்கிறார்களோ என்று யோசிக்கலாம்.

முதலில் சுவிட்சை நிறுத்து நிலைக்குப் போட்டு, செயின் பிரேக் போட்டு, கயிற்றின் பிடியால் இயந்திரத்தைத் தூக்குங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் கயிறு விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். வழுக்கிக்கொண்டு ஒரே இறக்கமாக இறங்கினால் ரிங்கோ சிலிண்டரோ போய்விட்டது. கம்ப்ரஷன் ரிலீஸ் பொத்தான் உள்ள இயந்திரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது அமுங்கியிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

அடுத்து, விற்பவர் சம்மதித்தால் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்து, கயிறை மெதுவாக இழுத்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழப்பாக, தயாரிப்பின் மெல்லிய கோடுகளோடு இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால், ஆயில் குறைவாகவோ காற்று புகுந்தோ ஓடியிருக்கிறது. ஓடினாலும் வாங்காதீர்கள். சைலன்சரைக் கழற்ற விடமாட்டேன் என்றால் நானாக இருந்தால் திரும்பிவிடுவேன்.

பிறகு ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட் பல்லில் செயின் பதித்த பள்ளத்தைப் பாருங்கள். 0.5 மி.மீ. ஆழம் தாண்டினால் மாற்ற வேண்டும். பாரின் விளிம்பைக் கையுறை போட்ட விரலால் தடவுங்கள், செயினைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், அதிகம் சாய்ந்தால் காடி தேய்ந்திருக்கிறது. செயின் பல்லில் தேய்மானக் குறி வரை அரம் போட்டிருந்தால் அது தூக்கிப்போடும் செயின். பார், செயின், ஸ்ப்ராக்கெட் இவை தேயும் பொருள்கள்தான், இவற்றுக்காக ஒதுக்க வேண்டாம், மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கடைசியில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஐடிலில் செயின் அசையக்கூடாது. முழு ரேஸில் வைத்துக் கைக்காப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காமல் இழுத்துக்கொண்டு போனால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது ஆயில் படிந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டவுடன் இன்ஜின் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தால் சுவிட்ச் வயர் அறுந்திருக்கும். சின்ன வேலைதான், ஆனால் அதைச் சரிசெய்யாமல் மரத்தில் வைக்காதீர்கள்.